சாட்சியைச் சுத்தம் செய்தவன்

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் முதலில் கண்விழித்தது ஐஸ் மெஷின்.

கீழ்த்தளத்தில் ஓர் உதறல். பிறகு 'ம்ம்ம்' என்று ஓர் இழுப்பு. கேட்டதற்கெல்லாம் 'ம்' போட்டுவிட்டு எதையும் செய்யாத கணவனைப் போல, அதற்கப்புறம் நாள் முழுக்க அந்த ஒரே 'ம்' தான்.

மாடியில் தன் வேலை அறைக்குள் காதுக்காரி வெறுங்காலோடு நுழைந்தாள். தரை நடுங்கியது. அதன் மேல் நின்ற அவளும் நடுங்கினாள். தரை மோட்டாரால். அவள் ஆத்திரத்தால்.

காதுக்காரி என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். யார் யாரோ பேசிப் பதிவுசெய்து அனுப்பும் ஒலிகளிலிருந்து மின்விசிறிச் சத்தம், ஏசி இரைச்சல், டியூப்லைட் ரீங்காரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை வைத்து உருவி எடுத்துவிட்டு, பேச்சை மட்டும் திருப்பி அனுப்புவது அவள் தொழில். அதைத் தொழில் என்று அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் நம்பவில்லை.

"ஒண்ணுமே இல்லாம ஆக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று மாமியார் முதல் மாதமே கேட்டுவிட்டார். இன்னும் பதில் திருப்தியாக வரவில்லை.

போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

காதுக்காரியின் கணவனுக்கு வீட்டில் சின்னவன் என்று பெயர். அவனுடைய அண்ணன், கீழ்த்தளத்தில் சரியாக அவளுடைய அறைக்கு அடியில், ஐஸ் கட்டி தயாரிக்கும் மெஷின் ஒன்றை இறக்கினார். வேலைக்கு ஓர் ஆள்கூட இல்லாத அவரை அன்றிலிருந்து எல்லோரும் முதலாளி என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

இரைச்சலை நீக்குகிறவளுக்கு நிசப்தம் வேண்டும். சுத்தமான துணியில் கறை எது என்று பார்க்க வேண்டுமானால் மூக்குக்கண்ணாடியில் கறை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மெஷின் ஓட ஓட, எந்த 'ம்' பதிவில் இருக்கிறது, எந்த 'ம்' தரையிலிருந்து வருகிறது என்றே அவளுக்குப் புரியாமல் போனது. போன வாரம் ஒரு பேராசிரியரின் சொற்பொழிவு வந்தது. பதிவில் இல்லாத ரீங்காரத்தை இருப்பதாக நினைத்து அவள் வெட்டி எறிந்தாள். கூடவே பேராசிரியரின் கனத்த குரலில் பாதியும் போய்விட்டது. மனிதர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து மூக்கால் பேசுவது போல ஆகிவிட்டார். 'இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று கம்பெனியிலிருந்து எழுதிவிட்டார்கள்.

ஒன்று மெஷின் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவள் தொழில் நின்றுவிடும். மூன்றாவது வழி இல்லை.

ஆகவே வழக்கு மாமனாரிடம் போனது.

மாமனார் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்த குறையை இப்போது சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்து தீர்த்துக்கொள்கிறார். வீட்டில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு முன் விசாரணை. சுத்தியலுக்குப் பதில் குழிக்கரண்டி. டிவி ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கே இன்னும் வாய்தாவில் கிடக்கிறது. எந்த வழக்கையும் அவர் ஒரே அமர்வில் முடித்ததாக அந்த வீட்டில் வரலாறு கிடையாது.

காதுக்காரியின் வழக்கில் ஒரு சிக்கல். சத்தத்தைக் கேட்க ஜட்ஜ் மாடிக்கு வரும்போதெல்லாம் கீழே மெஷின் நின்றுவிடும். "எங்கம்மா சத்தம்?" என்பார். அவர் இறங்கிப் போனதும் மறுபடி 'ம்ம்ம்'. போன வாரம் கரண்டியைத் தட்டிச் சொல்லிவிட்டார்: "வாயால சொன்னா ஆகாது. எவிடென்ஸ் வேணும்."

எவிடென்ஸ்தானே? நேற்று மதியமே எடுத்துவிட்டாள்.

அறை மூலையில் தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்துக் கீழே போகும் இடத்தில் ஓர் ஓட்டை உண்டு. ரெக்கார்டரை அதன் வாயில் வைத்து ஓடவிட்டாள். தன் மூச்சுகூடப் பதியக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனாள். வந்து ஆரம்பத்தை மட்டும் கேட்டாள். அப்பப்பா! விமானம் கிளம்புவது போல இருந்தது. இவ்வளவு அசிங்கமான ஒலியை அவள் தொழில் வாழ்க்கையில் கேட்டதில்லை. முதல் தடவையாக ஓர் இரைச்சலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

அந்த நேரத்தில் சின்னவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். முடியோடு திரும்பி வந்தான். கடையில் கூட்டமாம்.

"டீ."

காதுக்காரி திரும்பிப் பார்த்தாள். சின்னவன் கையில் கோப்பையோடு நின்றான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை இப்படி அவனாகவே டீ போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். அன்றைக்கு அவளுடைய வண்டியை எங்கேயோ மோதியிருந்தான்.

"எதை இடிச்சீங்க?" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. குடுங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். குழாய் ஓட்டையை மட்டும் பார்க்கவில்லை.

"அந்த ரெக்கார்டிங்கைப் பென் டிரைவ்ல போட்டு டிவியில ஓடவிடணும், அதானே? நான் காப்பி பண்ணித் தரேன். நீ போய்க் குளிச்சிட்டு வா."

அவளுக்குக் கொஞ்சம் மனசு இளகியது. இந்த வழக்கில் அவன் இதுவரை வாயையே திறக்கவில்லை. அண்ணனையும் பகைக்கவில்லை, அவளையும் பகைக்கவில்லை. மதில்மேல் பூனைகூட ஒரு நாள் ஒரு பக்கம் குதிக்கும். இவன் மதிலிலேயே குடித்தனம் வைத்திருந்தான். இன்றைக்காவது குதிக்கிறானே.

"ரெக்கார்டர்ல ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கு. அப்படியே போடுங்க. எதுவும் பண்ணிடாதீங்க."

"எனக்கு என்ன பண்ணத் தெரியும்?" என்றான் சின்னவன்.

அது உண்மை. அன்று அவன் சொன்ன ஒரே உண்மையும் அதுதான்.

மென்பொருளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கம்பெனிக்காக அவள் தன் குரலிலேயே சின்னச் சின்ன முன்னுரைகள் பேசிப் பதிவுசெய்வாள். அவற்றில் மெஷின் சத்தம் புகுந்துவிடும். அதற்காக ஒரு நாள் மெஷின் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்து, 'இதுதான் குப்பை, இது எங்கே இருந்தாலும் எடு, மிச்சம் இருப்பதைச் சத்தமாக்கு' என்று மென்பொருளுக்குப் பழக்கிவைத்தாள். அந்தப் பழக்கத்துக்கு, முதலாளியை அவள் கூப்பிடுகிற முறையிலேயே, 'அத்தான்' என்று பெயர் வைத்தாள். 'அழுக்கு' என்ற பெட்டியில் எதைப் போட்டாலும் தானாகவே அத்தான் நீக்கப்பட்டு 'சுத்தம்' என்ற பெட்டிக்கு வந்துவிடும். வாழ்க்கையில் அந்த வசதி இல்லையே என்று அவள் அவ்வப்போது வருத்தப்படுவதுண்டு.

இதைப் பெருமையாக ஒரு நாள் சின்னவனிடம் காட்டினாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே பாதியைக் கேட்டான். அந்தப் பாதி: 'இதில் போட்டால் சத்தம் போய்விடும்.'

கேட்காமல் விட்ட மறுபாதி மதியம் வரும்.

குளித்துவிட்டு இறங்கியபோது மாடிப்படி அடியில் முதலாளி ஐஸ் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு குளிர்ச்சி.

"என்னம்மா, இன்னைக்குக் கேஸ் உனக்குச் சாதகமா?"

"உங்க மெஷினே வந்து சாட்சி சொல்லப்போகுது அத்தான்."

"பாவம், அது வாயில்லா ஜீவன்."

"வாய் மட்டும்தான் இருக்கு அதுக்கு."

"இவ்வளவு கஷ்டப்படறதுக்குக் காதுல பஞ்சு வெச்சுக்கலாம்ல?"

"காதை வெச்சுத்தான் நான் சாப்பிடறேன்."

"அப்படியா? நாங்கல்லாம் வாயை வெச்சுச் சாப்பிடறோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மூட்டையும் குலுங்கியது.

காதுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். பழகிப்போன கடிதான். ஆனால் ஒன்று உறுத்தியது. தோற்கப்போகிறவன் முகம் இப்படி இருக்காதே?

மதியம் கோர்ட் கூடியது. மெஷின் அறைக் கதவைச் சாத்தியிருந்ததால் அதன் 'ம்' அங்கே லேசாகத்தான் கேட்டது. ஜட்ஜ் மேஜையின் தலைப்பக்கம். வலது பக்கம் முதலாளி, ஈரச் சட்டையோடு. இடது பக்கம் காதுக்காரி. சின்னவன் டிவிக்குப் பக்கத்தில், நடுவில், வழக்கம் போல யாருக்கும் பக்கத்தில் இல்லாமல்.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கரண்டியைக் குடுங்க. அடுப்புல இருக்கறது அடி பிடிக்குது."

"கோர்ட் நடக்குது."

"அப்ப மதியத்துக்குக் கோர்ட்டையே சாப்பிடுங்க."

ஜட்ஜ் அதைக் குறிப்பில் ஏற்றிக்கொள்ளவில்லை. தொண்டையைக் கனைத்தார். 'க்ஹ் க்ஹ் ஹூம்ம்ம்.' இரண்டு தட்டு, ஓர் இழுப்பு.

காதுக்காரிக்கு அந்தக் கனைப்பு கைரேகை மாதிரி. அவர் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அது அவளுடைய பதிவுகளில் வந்து விழும். எத்தனையோ முறை வெட்டி எடுத்திருக்கிறாள். மென்பொருள் ஒலியை நிறப் படமாகத் திரையில் ஓட்டும். அதில் பேச்சு மேகம் மேகமாகத் தெரியும். மெஷின் அடியில் ஒரு மஞ்சள் கோடாக ஓடும். மாமனார் மட்டும் இரண்டு சின்னக் காதும் பின்னால் நீளமாக ஒரு வாலுமாக, எலி மாதிரி தெரிவார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தாலே போதும்.

"மனுதாரர் எவிடென்ஸ் கொண்டுவந்திருக்காங்களா?"

"கொண்டுவந்திருக்கேன் மாமா. சத்தத்தைக் கொஞ்சம் கம்மியா வைக்கச் சொல்லுங்க. அத்தைக்குத் தூக்கிவாரிப் போடும்."

சின்னவன் பென் டிரைவைச் சொருகினான். சத்தத்தைக் கம்மியாக வைக்கவில்லை, நன்றாக ஏற்றிவைத்தான். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். அடியில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது.

நிசப்தம்.

சாதாரண நிசப்தம் இல்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி ஒரு நிசப்தம். பதிவில் எங்கேயோ ஒரு குருவி கத்தியது. அவ்வளவுதான்.

அவள் வாழ்நாளில் கேட்ட மிகச் சுத்தமான வேலை அதுதான். அதை அவள் செய்யவே இல்லை.

"இதுவா சத்தம்?" என்றார் முதலாளி. "அப்பா, இதைப் போட்டா குழந்தைங்க தூங்கும்ப்பா. நான் மெஷினை விட்டுட்டு இதையே வித்துடலாம் போலிருக்கே!"

"சாட்சி மௌனம் சாதிக்குது," என்றார் ஜட்ஜ்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமியார், "ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு வேலைன்னு."

காதுக்காரிக்குக் காது சுட்டது. கன்னம் சுட்டது. "மாமா, இது நான் எடுத்தது இல்ல. நான் கேட்டேன், என் காதால கேட்டேன்..."

"விடு," என்றான் சின்னவன். குரலில் அவ்வளவு கனிவு. அவள் பக்கம் வந்து தோளைத் தொட்டான். "பரவாயில்ல விடு. மெஷின்கூடவே பழகிக்கலாம். இல்லன்னா ரூமை மாத்திக்கலாம். என்ன இப்ப?"

அந்தக் கனிவுதான் அவனுக்கு எமனாக வந்தது. அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்ததில் ரிமோட்டை டிவிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டான்.

டிவி பேசியது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுண்ணா!"

எல்லோரும் சின்னவனைப் பார்த்தார்கள். அவன் வாய் மூடியிருந்தது. ஆனால் அவன் குரல்தான். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"என்ன? கேக்கல! சத்தமாச் சொல்லு!" இது முதலாளியின் குரல், அதுவும் டிவியிலிருந்து.

"கொஞ்ச நாள் ஓட்டுன்னேன்! அவளே தாங்க முடியாம ரூமைக் காலி பண்ணிடுவா! நானாச் சொன்னா சண்டை வரும்!"

"சரிடா, அப்பா சத்தம் கேக்க மேல போகும்போதெல்லாம் நான் கரெக்டா நிறுத்தணுமே!"

"அதான் மிஸ்டு கால் குடுக்கறேன்ல! இதுவரைக்கும் ஒரு தடவையாவது தப்பியிருக்கா?"

ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ரகசியம் பேசுகிறவன் கத்தித்தான் பேச வேண்டும். மெஷின் இருக்கிற தைரியத்தில் அண்ணனும் தம்பியும் நேற்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார்கள். மெஷின் அதைப் போர்வை மாதிரி மூடிக்கொண்டது. போர்வையை உருவினால் படுத்திருப்பவன் தெரிவான். சின்னவன் காதில் விழாமல் போன மறுபாதி இதுதான்: இரைச்சலை எடுத்தால் மிஞ்சுவது நிசப்தம் இல்லை, பேச்சு. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

காதுக்காரி டிவியைப் பார்த்தாள். அப்போதுதான் மேல் மூலையில் ஃபைலின் பெயரைப் படித்தாள். கடைசியில், மென்பொருள் தானாகவே ஒட்டும் அந்த ஒரு சொல்: 'சுத்தம்'.

அவள் அதை அழுக்குப் பெட்டியில் போடவில்லை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கட்டிய நுணல் இரண்டு கிளிக்கால் கெட்டிருந்தது.

"நீங்க முடி வெட்டிக்கப் போகலையா?" என்று கேட்டாள். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"இல்ல, அது வந்து... கடையில..."

"சத்தத்தை எடுத்துட்டா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அதுக்காக எடுத்த. அப்படித்தானே? என் கம்ப்யூட்டர்ல, நான் பழக்கிவெச்சதை வெச்சு, என் வாயையே அடைக்கப் பார்த்த நீ!"

மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம் வேறு. "ஏய், புருஷனை என்ன நீ, வான்னு! மரியாதை எங்க?"

"முடி வெட்டிக்கப் போயிருக்கு அத்தை. வந்ததும் குடுக்கறேன்."

முதலாளி அவசரமாக எழுந்தார். "ஐஸ் உருகிடும்ப்பா, நான் கொஞ்சம்..."

"உக்காருங்க அத்தான்!" மேஜை அதிர்ந்தது. இந்த அதிர்வுக்கு மோட்டார் காரணமில்லை. "காதுல பஞ்சு வெச்சுக்கோன்னு சொன்னீங்களே, இப்ப வெச்சுக்கறீங்களா? உங்க மெஷினால ஒரு மனுஷனோட குரலையே அறுத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் என்னை என்ன நினைச்சிருப்பார்? கம்பெனியில என்ன நினைச்சிருப்பாங்க? எனக்குக் காது போயிடுச்சோன்னு நான் பயந்தேன். தெரியுமா உனக்கு? ராப்பகலா என் காதையே சந்தேகப்பட்டேன். நீ பக்கத்துலயே இருந்து 'டாக்டர்கிட்டப் போலாமா'ன்னு கேட்ட!"

கடைசி வாக்கியங்கள் முதலாளிக்கு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. சின்னவன் தரையைப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

டிவியில் முதலாளியின் குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "சரி, ரூம் காலியானதும் என்ன பண்ற..."

"போதும்!"

கரண்டி மேஜையில் விழுந்த வேகத்தில் ஒரு தம்ளர் உருண்டது. ஜட்ஜ் எழுந்து நின்றார். அவரே நடந்துபோய், ரிமோட்டை எடுத்து, டிவியை அணைத்தார்.

"வெக்கமா இல்ல உங்க ரெண்டு பேருக்கும்? பெரியவனே, மெஷினை இப்பவே நிறுத்து. நாளைக்கு வேற இடம் பாரு. அந்த ரூம் அவளோடது, அதைப் பத்தி இனிமே யாரும் பேசக்கூடாது. கேஸ் முடிஞ்சது. சாப்பாடு போடு."

அவ்வளவுதான். வாய்தா இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. மாமியார் தன் கரண்டியை வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தீர்ப்பு சொல்லும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா!" என்றான் சின்னவன்.

ஜட்ஜ் அவனை ஒரு பார்வை பார்த்தார். 

காதுக்காரி சாப்பிடவில்லை. மாடிப்படியில் சின்னவன் பின்னாலேயே வந்தான்.

"கேளேன். நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளேன்."

"கேட்டேன். நல்ல தெளிவா இருந்துச்சு."

"உனக்குத் தெரியாது. நான் ஒண்ணும் எனக்காக அந்த ரூமைக் கேக்கல."

அவள் படியில் நின்றாள். "அப்ப யாருக்காக?"

சின்னவன் படிக்கட்டுக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினான்.

"யாருக்காகன்னு கேட்டேன்."

"ம்," என்றான் சின்னவன்.

"கீழ அதை நிறுத்திட்டாங்க, நீ ஆரம்பிச்சிட்டியா?" கதவு அவன் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

உள்ளே அமைதி.

நிஜமாகவே அமைதி. மெஷின் வந்த நாளிலிருந்து கேட்காத அமைதி. பாதத்தை வைத்துப் பார்த்தாள். தரை தரையாக இருந்தது. ஜெயித்துவிட்டாள். அந்தப் பேராசிரியரின் மூலப் பதிவை இப்போதே எடுத்து, தொலைத்த குரலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையில் ஹெட்போனை எடுத்தாள்.

ஆனால் கை பேராசிரியரிடம் போகவில்லை.

கோபம் அடங்கினால்தானே வேலை ஓடும்? அது அடங்கவில்லை. கீழே நின்ற மோட்டார் அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த 'அப்பா!' காதிலேயே நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்ட மகன் அப்பாவைக் கெஞ்சுகிற 'அப்பா' இல்லை அது. கூட்டாளி பாதி வழியில் இறங்கி ஓடும்போது கூப்பிடுகிற 'அப்பா'. குரல்களோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு இது தெரியாதா?

இன்னொன்றும் இருந்தது. ஜட்ஜ் இன்றைக்குத் தீர்ப்பு சொல்லும் முன் கனைக்கவில்லை.

அவர் ஏன் கனைக்கவில்லை? ரிமோட் வழக்கையே முடிக்காதவர் இதை ஏன் ஒரே மூச்சில் முடித்தார்? டிவியை அணைத்தபோது அடியில் நகர்ந்த கோடு பாதியைக்கூடத் தாண்டவில்லை. மிச்சத்தில் என்ன இருக்கிறது?

சுத்தம் பெட்டியைத் திறந்தாள். ஃபைல் அங்கேயே இருந்தது. காப்பி செய்யத் தெரிந்தவனுக்கு அழிக்கத் தோன்றவில்லை. திரையில் நிறப் படமாக விரித்தாள். அடியில் மஞ்சள் கோடு இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி கறுப்பாக இருந்தது. அதன் மேல் இரண்டு விதமான மேகங்கள். ஒன்று அவள் கட்டியவன், ஒன்று அவனுடைய அண்ணன். டிவி நின்ற இடத்தைத் தாண்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள்.

விரல் நின்றது.

ஹெட்போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது, காதுக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு சின்னக் காது. பின்னால் நீளமாக ஒரு வால்.

எலி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

'க்ஹ் க்ஹ் ஹூம்ம்ம்... என்னடா பயம் உங்களுக்கு? நான்தானேடா விசாரிக்கிறேன்! எவிடென்ஸ் கேட்டா பயந்து விட்டுடுவான்னு பார்த்தேன். கொண்டுவந்தா கொண்டுவரட்டும், வாய்தா போட்டுக்கறேன்! நீ மெஷினை ஓட்டு! எனக்கு அந்த ரூம் வேணும்! எதுக்குன்னு அவளுக்குத் தெரியக்கூடாது! உங்கம்மாவுக்கு அதைவிடத் தெரியக்கூடாது!'

மாமாவும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருந்தார். பதவிக்குரிய கம்பீரம் கொஞ்சமும் குறையவில்லை.

காதுக்காரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இதுவரை வந்த ஆத்திரமெல்லாம் முன்னுரை போலிருந்தது. தம்பி சொன்னான், அண்ணன் ஓட்டினான். சொல்லவைத்தவர், மேலே ஏறி வந்து காதைச் சாய்த்து, 'எங்கம்மா சத்தம்?' என்று கேட்டிருக்கிறார். ஒரு முறை இல்லை, ஒவ்வொரு முறையும். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, 'இப்பதான் மாமா நின்னுச்சு' என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்.

இந்த ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு ஜன்னல், மூலையில் ஒரு குழாய் ஓட்டை. மனைவிக்கும் தெரியாமல் இவருக்கு இது எதற்கு?

மறுபடி அந்த இடத்துக்கே நகர்த்தி இன்னொரு முறை ஓடவிட்டாள்.

'க்ஹ் க்ஹ் ஹூம்ம்ம்.'

நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

'க்ஹ் க்ஹ் ஹூம்ம்ம்.'

இந்த முறை கதவுக்கு வெளியிலிருந்து.

"காதுக்காரி, உள்ள வரலாமாம்மா?" மாமனாரின் குரலில், காலையில் டீயோடு வந்தவனிடம் இருந்த அதே கனிவு. "சாப்பிடாம வந்துட்டியே. தட்டு கொண்டுவந்திருக்கேன். அப்படியே அந்த எவிடென்ஸையும் வாங்கிட்டுப் போலாம்னு... கேஸ்தான் முடிஞ்சுதே. அது எதுக்கு உனக்கு?"

காதுக்காரி மூலப் பதிவு இருந்த ரெக்கார்டரை எடுத்தாள். மெஷின் இல்லை. இனி எதையும் நீக்க வேண்டியதில்லை. மாமா கத்த வேண்டியதும் இல்லை. அதன் மூக்கைக் கதவுப் பக்கம் திருப்பி, காகிதங்களுக்கு நடுவே சாய்த்து வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"உள்ள வாங்க மாமா," என்றாள். "உக்காந்து நிதானமாப் பேசலாம்."